அஞ்சரக்கண்டி கறுவாத்தோட்டம்: மண்ணும் மரமும் மனிதரும்

நம்ம சங்கத்துக் குடும்பங்கள் விடுமுறை நாளில் கோழிக்கோட்டிலிருந்து வடக்கே கிளம்பினால் எங்கெங்கே போவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. முழப்பிலங்காடு கடற்கரையில் மணல்மேலேயே கார் ஓட்டிப் பார்ப்பார்கள். தலச்சேரிக் கோட்டை, கண்ணூர்க் கோட்டை இரண்டையும் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். அப்புறம் சாப்பாடு, திரும்பும் ரயில். கண்ணூருக்கும் தலச்சேரிக்கும் கிழக்கே, இரண்டிலிருந்தும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் அஞ்சரக்கண்டி என்று ஓர் ஊர் இருப்பதை நம்மில் பலர் கவனித்ததில்லை. 2018 டிசம்பரில் கண்ணூர் விமான நிலையம் திறந்தபின் மட்டனூர்ப் பக்கம் போக்குவரத்து கூடியிருக்கிறது. ஆனாலும் அஞ்சரக்கண்டி நமக்கு ஒரு பலகைப் பெயராகத்தான் இருக்கிறது.

"வியாபாரத்தோடு சம்பந்தப்பட்ட சரித்திரம் ஏதாவது எழுதிக் கொடுங்க நயினார்" என்று மலர்க்குழு அன்பர்கள் கேட்டார்கள். வலியங்காடியில் நாற்பது ஆண்டாகப் பட்டை, கிராம்பு, சோம்பு, மிளகு என்று மூட்டையோடு மூட்டையாக இருப்பவன் நான். கல்லூரிப் படிப்பு இல்லை. கடை சாத்தியபின் படித்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்ததும்தான் என் கல்வி. பட்டை விற்கிறவன் என்ற உரிமையில் அஞ்சரக்கண்டியின் பழைய கறுவாத்தோட்டத்தைப் பற்றி எழுதுகிறேன்.

பெயரும் பொருளும்

முதலில் பெயரைப் பார்ப்போம். 'அஞ்சர' என்றால் ஐந்தரை. 'கண்டி' என்பது பழைய வணிக எடை. இருபது மணங்கு ஒரு கண்டி. மிளகும் பருத்தியும் அந்தக் காலத்தில் கண்டிக் கணக்கில்தான் விலை பேசப்பட்டன. வட மலபாரில் நிலத்துண்டுக்கும் கண்டி என்று பெயர் உண்டு. இன்றைக்கும் வீட்டுப் பெயர்களின் கடைசியில் அதைக் காணலாம். நம்ம வீட்டு அஞ்சறைப்பெட்டிக்கும் இந்த ஊருக்கும் சொல் வகையில் உறவு கிடையாது. அங்கே 'அறை', இங்கே 'அரை'. ஆனால் அஞ்சறைப்பெட்டியில் இருக்கிற சரக்கு பலவும் ஒரு காலத்தில் இந்த ஒரே தோட்டத்தில் பயிராயின என்பதை நினைத்தால் மனசுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

கறுவா என்பது நாம் இலவங்கப்பட்டை என்று சொல்லும் பட்டைதான். மலையாளத்தில் கறுவப்பட்டை. யாழ்ப்பாணத் தமிழில் கறுவா. நம்ம சித்த வைத்தியத்திலும் கருவாப்பட்டை என்ற வழக்கு உண்டு. 'இலவங்கம்' என்ற சொல்லோ பழைய மருத்துவ நூல்களில் கிராம்பைக் குறிக்கும். ஆகவே ஒரு மரத்தின் பெயர் இன்னொரு மரத்தின் பட்டைக்கு ஒட்டிக்கொண்டது. இந்தக் குழப்பத்துக்குச் சாக்கு இல்லாமலும் இல்லை. கறுவா இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், அசல் கிராம்பு வாசனை அடிக்கும். கிராம்பில் உள்ள யூஜினால் என்ற எண்ணெய்ப் பொருளே கறுவா இலையிலும் மிகுதியாக இருக்கிறது. பட்டையின் மணத்துக்குக் காரணம் வேறு, அது சின்னமால்டிஹைடு. ஒரே மரத்தில் இலைக்கு ஒரு மணம், பட்டைக்கு ஒரு மணம்.

நிலமும் நீரும்

கடற்கரையிலிருந்து கிழக்கே போகப்போக மணல் மாறிச் செம்மண் வரும். தரை மெல்ல மேடும் பள்ளமுமாக ஆகும். பள்ளத்தில் வயல், மேட்டில் தென்னை, பலா, முந்திரி, மிளகுக்கொடி. இந்த மேடுகள் செம்பூரான் கல்லால் ஆனவை. மலையாளிகள் வெட்டுக்கல் என்பார்கள். தரைக்குள் இருக்கும்போது வெட்டி எடுக்க இணக்கமாக இருக்கும். வெயிலும் காற்றும் பட்டால் இறுகிவிடும். செங்கல் சூளை இல்லாமலேயே செங்கல் கிடைத்த மாதிரி. வீடும் மதிலும் கிணற்றுச் சுவரும் எல்லாம் இந்தக் கல்தான்.

இந்தக் கல்லுக்கு உலகம் முழுதும் வழங்கும் லேட்டரைட் என்ற அறிவியல் பெயர் மலபாரில் பிறந்தது. வைத்தது பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். 1800, 1801 ஆண்டுகளில் மைசூர், கன்னடம், மலபார் நாடுகளைக் கம்பெனிக்காக நடந்தும் குதிரையிலும் சுற்றிப் பார்த்தவர். அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லை வெட்டுவதைக் கண்டு, செங்கல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து 1807-இல் அச்சான தம் நூலில் அந்தப் பெயரை இட்டார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1979-இல் அங்காடிப்புரத்தில் அதற்கு நினைவுக் கல்லும் நட்டது. அதே புக்கானன் 1801 தொடக்கத்தில் அஞ்சரக்கண்டித் தோட்டத்துக்கும் வந்தார். ஆகவே இந்த மண்ணைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் மனிதரைப் பற்றியும் எழுதிய ஒரு கண்சாட்சி நமக்குக் கிடைத்திருக்கிறார்.

ஊரின் பெயரிலேயே ஓர் ஆறும் உண்டு. அஞ்சரக்கண்டிப் புழை பெரிய நதி அல்ல. 48 கிலோமீட்டர்தான் நீளம். கிழக்கு மலைச் சரிவில் பிறந்து மேற்கே வந்து, கடைசியில் இரண்டு கையாகப் பிரிந்து தர்மடத்தை அணைத்துக்கொண்டு அரபிக்கடலில் விழுகிறது. முகத்துவாரத்தின் பக்கம் உப்புநீரும் நன்னீரும் கலக்கும். கண்டல் செடிகள் நிற்கும். அதற்கு எதிரே கடலுக்குள் தர்மடம் தீவு. நீர் வற்றும் வேளையில் தீவுக்கு நடந்தே போகலாம். சாலை இல்லாத நாளில் உள்நாட்டுச் சரக்கு கடலுக்கு வர இந்த மாதிரி சிற்றாறுகள்தான் வழி. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மண், நடுவே படகு போகும் ஆறு, முனையில் தலச்சேரித் துறை. தோட்டம் போட நினைத்த கம்பெனிக்கு வேறு என்ன வேண்டும்?

மரத்தின் இயல்பு

கறுவாவைச் சும்மா விட்டால் நல்ல மரமாக வளரும். தோட்டத்தில் அப்படி விடமாட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டில் தரையோடு ஒட்ட வெட்டிவிடுவார்கள். அடிக்கட்டையிலிருந்து நாலைந்து குருத்து நேராகக் கிளம்பும். பட்டை எடுப்பது இந்தக் குருத்துக் கம்புகளிலிருந்துதான். திரும்பத் திரும்ப வெட்டுப்பட்டுத் திரும்பத் திரும்பத் துளிர்ப்பதே இந்தச் செடியின் பிழைப்பு.

தளிர் விடும்போது இலை செக்கச்செவேல் என்றிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பூத்த மாதிரி தெரியும். அந்தச் சிவப்பு மாறிப் பச்சை ஆகும் பருவத்தில், மழை ஈரத்தில், சாறு ஓடும். பட்டை கட்டையை விட்டுச் சுலபமாகக் கழலும். மழையும் வெயிலும் மாறிமாறி வரும் பின்மழைக் காலம் இந்தப் பக்கத்துக்கு வாய்ப்பான அறுவடை. கம்பை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் நன்றாக உருவித் தேய்ப்பார்கள். தேய்த்தால் உள்பட்டை இளகும். பிறகு குறுக்கே இரண்டு வெட்டு, நெடுக ஒரு கீறல். கத்தி முனையால் நெம்பினால் பட்டை முழுசாக வந்துவிடும். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நிழலில் காய வைத்தால் தானாகச் சுருண்டு கொள்ளும். முழுச் சுருளுக்கு ஒரு விலை, உடைந்த துண்டுக்கு ஒரு விலை, சீவலுக்கும் நொறுக்குக்கும் வேறு விலை.

பட்டை உரிப்பது பார்க்க எளிது, செய்து பார்த்தால் தெரியும். நான் முதன்முதலில் கம்பியைக் கையில் வாங்கித் தேய்த்தபோது அங்கே இருந்த ஒரு முதிய தொழிலாளி சிரித்துக்கொண்டே, "அமுக்காதீங்க முதலாளி, தடவணும். பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி" என்றார். அவர் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், தமிழ் பேசினார். அழுத்தினால் பட்டை கிழியும், தடவாவிட்டால் கழலாது. இந்தக் கைப்பக்குவம் புத்தகத்தில் வராது. இலங்கையில் இதற்கென்றே சாலாகமர் என்ற சமூகத்தாரைப் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் கட்டாய ஊழியத்தில் வைத்திருந்தார்கள் என்பதற்குக் காரணமும் இதுவே. மரம் இருந்தால் போதாது, கை வேண்டும்.

வீட்டுத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கும் தடித்த, கெட்டியான, ஒற்றைச் சுருளாக இருக்கும் பட்டை பெரும்பாலும் காசியா. சீனா, வியட்நாம், இந்தோனேசியா நாடுகளிலிருந்து வருவது. அசல் கறுவா மெல்லிசு, சுருட்டு மாதிரி பல அடுக்கு, விரலால் நொறுக்கலாம், மணம் இனிப்பாக, சாந்தமாக இருக்கும். காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். நாள்தோறும் மிகுதியாகச் சேர்த்தால் ஈரலுக்கு ஆகாது. நம் நாட்டு உணவுச் சட்டமும் இவை இரண்டையும் வெவ்வேறு சரக்காகத்தான் வகுத்திருக்கிறது. விலையிலும் பல மடங்கு வித்தியாசம். கேட்டு வாங்குங்கள்.

தோட்டம் எழுந்த வரலாறு

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் மலபாரைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அதற்கு முன்பே தலச்சேரியில் கோட்டை கட்டி மிளகு வாங்கிக்கொண்டிருந்த ஆங்கிலேயருக்கு, அஞ்சரக்கண்டியை உள்ளடக்கிய இரண்டத்தறை என்ற சிறு நாட்டின்மேல் கடன் கொடுத்த வகையில் பிடிமானம் இருந்தது. மிளகை நாட்டு விவசாயியிடம் வாங்க வேண்டும். விலை பேச வேண்டும். பக்கத்தில் மய்யழியில் பிரெஞ்சுக்காரன் போட்டிக்கு நிற்பான். நாமே ஏன் பயிரிடக் கூடாது என்று பம்பாய் அரசுக்குத் தோன்றியது. 1797-98 வாக்கில் இரண்டத்தறையில் கம்பெனியின் சொந்தத் தோட்டம் தொடங்கியது. மிளகு, காபி, கறுவா, சாதிக்காய் என்று பலவும் பரிசோதனையாக நடப்பட்டன.

மேற்பார்வைக்கு அமர்த்தப்பட்டவர் மர்டாக் பிரவுன். ஸ்காட்லாந்துக்காரர். 1775-இல் ஆஸ்திரிய அரசியின் வணிகப் பிரதிநிதியாக மலபாருக்கு வந்து, மய்யழியில் பெரிய வியாபாரியாகி, பிரெஞ்சு ஆட்சி அங்கே தற்காலிகமாக விழுந்தபின் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தவர். எந்தக் கொடியின் கீழும் சரக்கு ஏற்றத் தெரிந்தவர் என்று சொல்லலாம். கணக்கில் புலி, செடிகொடியிலும் ஆர்வம் உள்ளவர். பின்னர் தோட்டமே அவர் கைக்கு நெடுங்காலக் குத்தகையாக வந்தது.

காலம் அமைதியான காலம் அல்ல. கோட்டயம் அரச குடும்பத்தைச் சேர்ந்த பழசி ராஜா கம்பெனியை எதிர்த்து மலையிலும் காட்டிலும் போரிட்டுக்கொண்டிருந்தார். 1805 நவம்பர் 30-இல் வயநாட்டில் அவர் வீழ்ந்தார். அவரைத் தேடிச் சென்ற படைக்குத் தலைமை தாங்கியவர் தலச்சேரி சப்-கலெக்டர் தாமஸ் ஹார்வி பேபர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

தோட்டத்துக்குப் பெருமைகள் உண்டு. பழமையான கறுவாத்தோட்டம் என்றும் ஆசியாவிலேயே பெரியது என்றும் சுற்றுலாக் குறிப்புகள் எழுதும். 1820-களில் மானந்தவாடியில் பட்டாளத்தோடு இருந்த மேஜர் பீவன் வயநாட்டில் காபி வைத்தபோது அதற்கு மூலம் அஞ்சரக்கண்டிக் காபிதான். இந்தப் பெருமைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்தின் மரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, குழி தோண்டி நட்டது யார்? பட்டை உரித்தது யார்?

கணக்கில் ஏறிய மனிதர்

கூலிக்கு ஆள் நிலையாகக் கிடைக்கவில்லை என்று பிரவுன் மேலிடத்துக்கு எழுதினார். அடிமைகளை விலைக்கு வாங்கிக்கொள்ளக் கம்பெனியின் ஒப்புதல் கிடைத்தது. தென் மலபாரிலிருந்து புலையர், செறுமர் குடும்பங்கள் வாங்கப்பட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டன. நாற்று வாங்கிய அதே கணக்கில் ஆளும் வாங்கப்பட்டது.

பிரவுன் வந்துதான் மலபாரில் அடிமை முறை தொடங்கியது என்று நினைத்துவிடக் கூடாது. உழவு வேலைக்கு அடிமைகளை வைத்திருப்பது அங்கே பழைய வழக்கம். நிலத்தை எப்படிக் கைமாற்றுவார்களோ அப்படியே ஆளையும் மாற்றினார்கள் என்று புக்கானன் விவரமாக எழுதியிருக்கிறார். ஜென்மம் என்றால் முழு விற்பனை. காணம் என்றால் அடகு. பாட்டம் என்றால் வாடகை. நிலத்துக்கு வழங்கிய அதே மூன்று சொல் மனிதருக்கும் வழங்கியது. அவர்களுடைய மெலிந்த உடம்பையும் போதாத உணவையும் அவர் குறித்திருக்கிறார். நம்ம பக்கம் மட்டும் யோக்கியம் என்று மார்தட்ட வழியில்லை. சோழர் கல்வெட்டுகளிலேயே கோயிலுக்குத் தம்மை விற்றுக்கொண்டவர் உண்டு. ஆளோலை எழுதிய வழக்கமும் உண்டு. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமைப் பஞ்சத்தின்போது நம்ம சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக்காரர் ஆயிரக்கணக்கானோரை வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றினார்கள். ஏறியவர்கள் தமிழர், கூட இருந்து விலை பேசி வாங்கிக் கொடுத்த தரகர்களிலும் தமிழர் இருந்திருப்பார்கள்.

ஆனாலும் அஞ்சரக்கண்டியில் புதியது ஒன்று நடந்தது. பழைய முறையில் அடிமை, கொடுமைக்கு உள்ளானாலும், பிறந்த மண்ணில் கிடந்தான். இங்கே ஏற்றுமதிச் சரக்குக்காக, தூர நாட்டிலிருந்து ஆள் திரட்டும் தோட்ட முறை வந்தது. ஆலப்புழையில் இருந்த ஏஜென்ட் மூலம் திருவிதாங்கூரிலிருந்தும் ஆட்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களில் கடத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். பிறப்பால் அடிமை அல்லாத குடும்பத்துக் குழந்தைகளும் இருந்தார்கள்.

1811-இல் விஷயம் வெளியே வந்தது. அப்போது வட மலபாரின் மாஜிஸ்திரேட் யார் என்றால், முன்னே சொன்ன அதே பேபர். ஆறு ஆண்டுக்கு முன் பழசி ராஜாவை வேட்டையாடிய கை, இப்போது அஞ்சரக்கண்டித் தோட்டத்துக்குள் நுழைந்து கடத்தப்பட்டவர்களை மீட்டு ஊருக்கு அனுப்பியது. பிரவுன் சும்மா இருக்கவில்லை. அரசு அனுமதியோடுதான் ஆள் வாங்கினேன் என்பது அவர் வாதம். வெள்ளைக்காரரோடு வெள்ளைக்காரர் ஆண்டுக்கணக்கில் கடிதத்தில் சண்டையிட்டார்கள். அந்தச் சண்டையால் நமக்கு ஒரு நன்மை உண்டாயிற்று. 1828-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இந்திய அடிமை முறை பற்றிய கடிதங்களை அச்சிட்டபோது அஞ்சரக்கண்டி விவகாரமும் அதில் ஏறியது. பேபர் பிற்காலத்தில் நாடாளுமன்றக் குழுவின் முன்னும் இதுபற்றிச் சாட்சியம் சொன்னார். 

மலபாரில் பழசி ராஜா பேரைச் சொன்னால் பேபரை வில்லனாகத்தான் சொல்வார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. அஞ்சரக்கண்டியில் மீட்கப்பட்ட ஒரு பிள்ளையின் தாய்க்கு அதே பேபர் யாராகத் தெரிந்திருப்பார்? ஒரு மனிதரை ஒரே வரியில் எழுதி முடிக்கச் சரித்திரம் இடம் கொடுப்பதில்லை.

ரூபாய் 927, அணா 13

கணக்குப் பார்க்கிறவன் என்பதால் எனக்கு மறக்க முடியாத ஒரு தொகையைச் சொல்கிறேன். இது பிரவுன் தோட்டத்துக் கணக்கு அல்ல, சர்க்காரின் கணக்கு. மலபாரில் அரசு நிலங்களோடு அரசுக்கே அடிமைகள் இருந்தார்கள். அவர்களைக் குத்தகைக்கு விட்டு ஆண்டுதோறும் வருமானம் வந்தது. 1836-இல் மதராஸ் அரசு அந்த வருமானத்தைக் கைவிட்டு, அரசு நிலத்து அடிமைகளை விடுவிக்க ஒப்புக்கொண்டது. கலெக்டர் கணக்கிலிருந்து நீக்கப்பட்ட ஆண்டு வருமானம் ரூபாய் 927, அணா 13. லோகன் 1887-இல் வெளியிட்ட மலபார் மான்யுவல் என்ற பெருநூலில் இந்தத் தொகை இருக்கிறது.

ஒரு மாவட்டத்து அடிமைகளின் உழைப்பு அரசாங்கப் பேரேட்டில் ஆயிரம் ரூபாய்கூட இல்லை. அதை விடுவதற்கும் எத்தனை தயக்கம்! மற்ற உடைமையாளர்கள் கலவரப்படாதபடியும், மற்ற அடிமைகளுக்கு வீண் நம்பிக்கை உண்டாகாதபடியும் இதைச் செய்ய வேண்டும் என்று உத்தரவிலேயே எச்சரிக்கை சேர்த்தார்கள். விடுதலை கொடுத்தாயிற்று, ஆனால் சத்தம் போடாதே என்று அர்த்தம்.

1833-இல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் அடிமை முறையை ஒழித்தது என்று பாடப்புத்தகத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். கம்பெனி ஆண்ட இந்தியா அந்தச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வந்தபின்தான் அடிமை உரிமையை எந்தக் கோர்ட்டும் ஏற்கக் கூடாது என்றாயிற்று. அடிமை வாங்குவதும் விற்பதும் தண்டனைக் குற்றமானது 1860-இல் இயற்றப்பட்டு 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தால்.

சமண இல்லறத்தாருக்கு ஆகாத வாணிகங்கள் என்று ஒரு பட்டியல் நம் பெரியோர் வகுத்திருக்கிறார்கள். விஷம், தந்தம் முதலியவற்றோடு உயிருள்ளவற்றை விற்கும் வாணிகமும் அதில் உண்டு; ஆளையும் மாட்டையும் விற்பது அதில் அடங்கும் என்று உரை சொல்வார்கள். தடை என்று ஒன்று எழுதிவைக்கப்பட்டது என்றால் அந்த வாணிகம் நடந்தது என்றுதான் பொருள். எந்த மதத்து வியாபாரியும் இதில் தன் கை சுத்தம் என்று சொல்லிக்கொள்ள நான் வரவில்லை. சரக்கின் எடை, தரம், ஈரம் எல்லாம் பார்க்கிற நாம் அது எந்தக் கை வழியாக வந்தது என்றும் பார்க்க வேண்டும் என்பதே அந்தப் பட்டியலின் சாரம் என நான் கொள்கிறேன்.

அடுத்த தலைமுறைகள்

மர்டாக் பிரவுன் 1828-இல் இறந்தார். மகன் பிரான்சிஸ் கார்னக் பிரவுன் தோட்டத்துக்கு உரியவரானார். வேடிக்கை என்னவென்றால், இவர் லண்டனில் கம்பெனி ஆட்சியின் வரிக்கொடுமையை எதிர்த்துப் பேசியவர்களோடு சேர்ந்தார். இந்தியப் பருத்தியைப் பற்றியும் நிறைய எழுதினார். அப்பன் செய்ததை வைத்துப் பிள்ளையை அளக்க முடியாது.

1839-இல் ஹெர்மன் குண்டர்ட் தலச்சேரி இல்லிக்குன்னில் குடியேறினார். 1872-இல் வெளிவந்த பெரிய மலையாள அகராதியின் ஆசிரியர் என்று நாம் அறிந்தவர் இவரே. அவரைச் சேர்ந்த பாசல் மிஷன், தோட்டத்துத் தொழிலாளரிடையே பள்ளியும் வழிபாடும் நடத்தியது. தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்டவர்கள் கையில் பலகையும் குச்சியும் ஏறியது இங்கே ஒரு பெரிய மாற்றம். அஞ்சரக்கண்டியில் இன்றும் உள்ள கிறித்தவ சபை அந்தக் காலத்தின் தொடர்ச்சி. பட்டையை விடவும் நீண்ட நாள் நின்ற விளைச்சல் அது என்பேன்.

இன்னொரு செய்தி நில உச்சவரம்பு பற்றியது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1963-இல் இயற்றப்பட்டு, 1970 ஜனவரி முதல் முழு வேகத்தில் நடைமுறையானது. குத்தகைக்கு உழுதவன் நிலத்துக்கு உரியவனானான். ஆனால் தோட்டங்களுக்கு விலக்கு. தேயிலை, காபி, கொக்கோ, ரப்பர், ஏலம் ஆகியவற்றோடு கறுவாவும் அந்த விலக்குப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பாட்டக்காரருக்கு நிலம் கிடைத்தது. தோட்டக் கூலிக்குத் தோட்டத்தில் பங்கு கிடையாது. அதிகம் போனால் குடியிருந்த குடிசையடி மண். யாருடைய முன்னோர் விலைக்கு வாங்கப்பட்டு இங்கே குழி தோண்டினார்களோ, அவர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்த நாளிலும் அந்த நிலம் எட்டவில்லை.

2000-க்குப் பிறகு தோட்டத்து மண்ணில் மருத்துவக் கல்லூரியும் மற்றக் கல்விக் கட்டிடங்களும் எழுந்தன. தோட்டம் என்று விலக்குப் பெற்ற நிலம் வேறு பயனுக்குப் போகலாமா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. ஊருக்கு ஆஸ்பத்திரி வேண்டும்தான், மறுக்க முடியாது. ஆனால் வெட்டுக்கல் மேட்டில் இருநூறு ஆண்டாகத் துளிர்த்த அடிக்கட்டையைப் புல்டோசர் பெயர்த்துவிட்டால் அது திரும்பத் துளிர்க்காது. கறுவாவுக்கு வெட்டு பழக்கம், வேரோடு பிடுங்குவது பழக்கமில்லை.

நாம் செய்யக் கூடியது

இனி வடக்கே போகும்போது அஞ்சரக்கண்டிக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தனியார் இடம், கேட்டுக்கொண்டு போக வேண்டும். வேலி ஓரத்திலேயே கறுவா நிற்கும். செந்தளிரைக் காட்டுங்கள். கீழே விழுந்த இலையைக் கசக்கிக் கொடுத்து என்ன வாசனை என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வெட்டுக்கல் மதிலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆற்றோடு மேற்கே வந்து தர்மடத்தில் அது கடலில் சேரும் இடத்தைக் காட்டுங்கள். மண், மரம், ஆறு, துறை நான்கும் ஒரே பிற்பகலில் பார்த்துவிடலாம்.

பார்த்துக்கொண்டே மற்றக் கதையையும் சொல்லுங்கள். "சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சில பெரியவர்கள் கேட்கலாம். கடத்திக் கொண்டுவரப்பட்டவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்களே! பிரவுனின் பெயர் ஆவணத்தில் இருக்கிறது, பேபரின் பெயர் இருக்கிறது, புக்கானனின் பெயர் ஒரு கல்லோடு சேர்ந்து உலகமெல்லாம் போயிருக்கிறது. பட்டை உரித்தவர்களில் ஒருவர் பெயரும் நம் பாடப்புத்தகத்தில் இல்லை. பிழைப்புத் தேடி வெளி மாநிலத்துக்கு வந்த நாம் விரும்பி ரயிலேறி வந்தவர்கள்; திரும்பிப் போகவும் டிக்கெட் கிடைக்கும். வந்த வழியே திரும்ப முடியாமல் போனவர்கள் இந்தக் கரையிலேயே இருந்தார்கள் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரியாணிக்குப் பட்டை தாளிக்கும்போது சொன்னால்கூடப் போதும். வாசனை இருக்கிற இடத்தில் சொன்ன கதை மறக்காது.